சில்லை அறுக்கும் முன் கதவிடுக்கை அளந்துகொள்ளுங்கள்

கேள்வி இதுதான்: "1972 எம்ஜிபி ரோட்ஸ்டர், துணிக்கூரை போட்ட பழைய பிரிட்டிஷ் ஸ்போர்ட்ஸ் கார் ஒன்று வாங்கியிருக்கிறேன். முன் மட்கார்டின் கீழ் ஓரத்தில் பெயின்ட் கொப்புளம் கொப்புளமாக வந்திருக்கிறது. கதவுக்குக் கீழே ஓடும் சில்லில் விரல் நுழையும் அளவுக்கு ஓட்டை. மேலே தகரம் வைத்து ஒட்டுப் போட்டுப் பட்டி பார்த்தால் போதும் என்கிறார் ஒருவர். பாடியை முழுக்கப் பிரிக்கவேண்டும் என்கிறார் இன்னொருவர். யார் சொல்வது சரி? வெல்டிங் கற்றுக்கொண்டு நானே செய்ய முடியுமா?"

நீங்களே செய்யலாம். ஆனால் இருவரில் யார் சொல்வதையும் அப்படியே எடுத்துக்கொள்ளாதீர்கள். ஒட்டுப் போடச் சொன்னவர் காட்டுவது துருவுக்கு ஒரு மூடி. மூடிக்குள் அது முன்னைவிட நிம்மதியாகத் தின்னும். முழுக்கப் பிரிக்கச் சொன்னவரின் பயம் நியாயமானது. ஆனால் முதல்முறை கை வைப்பவர் பிரித்துப்போட்ட கார் பெரும்பாலும் திரும்பச் சேர்வதில்லை, அட்டைப்பெட்டிகளில் உதிரியாகத்தான் அடுத்தவர் கைக்குப் போகிறது. ஒரு சமயத்தில் ஒரு பக்கம், ஒரு பக்கத்தில் ஒரு தகடு என்று போனால் கார் உங்கள் கையைவிட்டு நழுவாது. வெல்டிங்கை இரண்டு மூன்று வாரம் மாலை நேரத்தில் பழகினால் வந்துவிடும். அறுக்கும்போதும் ஒட்டும்போதும் காரின் வடிவம் மாறாமல் பிடித்துக்கொள்வதுதான் இதில் பெரிய வேலை.

சில் என்றால் என்ன என்பதிலிருந்து தொடங்குகிறேன், ஏனென்றால் ஒட்டுப் போடச் சொன்னவர் இதைத்தான் மறந்துவிட்டார். எம்ஜிபிக்கு முந்தைய எம்ஜிஏவில் அடியில் தனியாக ஒரு சேஸி, அதாவது இரும்புச் சட்டம் உண்டு. மேலே பாடி எவ்வளவு இற்றுப்போனாலும் பாரத்தைச் சேஸி சுமக்கும். 1962-இல் வந்த எம்ஜிபியில் அது கிடையாது, பாடியேதான் சேஸி. ரோட்ஸ்டர் என்பதால் இரும்புக் கூரையும் இல்லை. கார் நடுவில் மடங்கிவிடாமல் முன் பாதியையும் பின் பாதியையும் இழுத்துப் பிடிப்பவை தரையின் நடுவே நீளவாக்கில் மேடாக ஓடும் டனலும் இரண்டு பக்கச் சில்களும்தான். வெளியிலிருந்து பார்த்தால் சில் ஒரு தகடு போலத் தெரியும். உள்ளே அது ஒரு பெட்டி: வெளித்தகடு, நடுவில் நிமிர்ந்து நிற்கும் தடுப்புத் தகடு, உட்தகடு, எல்லாவற்றுக்கும் அடியில் கோட்டைச் சுவர்போல மேடும் பள்ளமுமாக மடித்த 'காசில் ரெயில்'. இந்தப் பெட்டியின் பலம் நான்கும் சேர்ந்திருப்பதில் இருக்கிறது. வெளித்தகட்டில் ஓட்டை விழுந்திருக்கிறது என்றால் உள்ளே தடுப்புத் தகடு அதற்கு முன்பே போயிருக்க வாய்ப்பு அதிகம்.

இன்னொன்று. வெளித்தகடு கதவோடு முடிவதில்லை. முன்னால் மட்கார்டுக்குள்ளும், பின்னால் பின் மட்கார்டின் கீழ்நுனிக்குள்ளும் ஒளிந்து போகிறது. கண்ணுக்குத் தெரிகிற நீளத்தை மட்டும் அறுத்துப் புதுத்தகடு வைத்துக்கொடுப்பவர்கள் நிறைய இருக்கிறார்கள். பார்க்க அழகாக இருக்கும். ஆனால் பாரத்தை ஒப்படைக்கவேண்டிய இரண்டு முனைகளும் இற்றுப்போன பழைய இரும்பில் தொங்கிக்கொண்டிருக்கும். முன் மட்கார்டு போல்ட்டில் நிற்பது, ஆகவே கழற்றிவிடலாம். பின் மட்கார்டின் கீழ்நுனியை மட்டும் ஒரு துண்டாக அறுத்தெடுத்து, சில் வேலை முடிந்தபின் புதுத்துண்டு வைக்கவேண்டும். இந்த இரண்டு வேலையும் சேர்ந்ததுதான் சில் வேலை. யாரிடமாவது கொடுத்துச் செய்வதானாலும் இந்த ஒரு கேள்வியைக் கேளுங்கள்: "பின் மட்கார்டு நுனியை அறுப்பீர்களா?" இல்லை என்றால் வேறு ஆள் பாருங்கள்.

இப்போது காரைச் சோதியுங்கள். கம்பளம், இருக்கை எல்லாவற்றையும் வெளியே எடுங்கள். ஒரு சின்னக் காந்தத்தை மெல்லிய துணியில் சுற்றிப் பாடியின் கீழ்ப்பகுதி முழுக்க ஓட்டுங்கள். பிடி தளர்கிற இடத்தில் பட்டி தடிமனாக இருக்கிறது. பிறகு திருப்புளியின் பிடியால் தட்டிக்கொண்டே வாருங்கள். நல்ல தகடு கணீரென்று ஒலிக்கும், இற்றது 'சத்' என்று அடங்கும். அடங்கிய இடத்தில் முனையால் அழுத்துங்கள். வாங்கிய புதிதில் காரைக் குத்த மனம் வராது. குத்துங்கள், முனை உள்ளே போகிற இடம் எப்படியும் வெட்டவேண்டிய இடம்தான்.

பெயின்ட் கொப்புளத்தில் இரண்டு வகை உண்டு. கல் பட்டுப் பெயின்ட் பெயர்ந்து வெளியிலிருந்து ஊர்ந்த துரு ஒன்று. கத்திமுனையால் கொப்புளத்தை உடைத்தால் அடியில் தகடு அம்மைத்தழும்புபோல் குழிவிழுந்து, ஆனால் முழுதாக இருக்கும். இதைச் சுரண்டிச் சுத்தம் செய்து காப்பாற்றிவிடலாம். மற்றது உள்ளிருந்து தின்றுகொண்டு வந்து, கடைசியில் பெயின்டைத் தள்ளுவது. உடைத்தால் கத்தி நேராக அந்தப் பக்கம் போகும். மட்கார்டின் கீழ் ஓரத்தில் வருவது ஏறக்குறைய எப்போதும் இரண்டாவது வகை. முன் சக்கரம் வாரியடிக்கும் சேறு மட்கார்டின் பின்கோடியில், கதவுத்தூணுக்கு முன்னால் உள்ள பொந்தில் போய்ச் சேர்கிறது. அதைத் தடுக்க அங்கே ஒரு தடுப்புத் தகடும் ஓரத்தில் ரப்பரும் உண்டு. ரப்பர் காய்ந்து சுருங்கியதும் சேறு உள்ளே புகுந்து, மழைக்காலம் முடிந்தும் காயாத ஈரமூட்டையாக உட்கார்ந்துவிடும். உட்புறம் வேறு கதை. துணிக்கூரை ஒழுகி, கம்பளம் நனைந்து, தரைத்தகடும் உட்சில்லும் சேரும் மடிப்பில் நீர் நிற்கும். ரோட்ஸ்டரின் சில் இரண்டு பக்கமிருந்தும் அடிவாங்குகிறது.

துரு, தான் தின்ற இரும்பைவிடப் பல மடங்கு இடம் பிடிக்கும். இரண்டு தகடு சேரும் மடிப்புக்குள் அது வளரும்போது தகடுகளை நெம்பிப் பிரிக்கிறது. தொழிற்சாலையில் தகடுகளைப் பொட்டுப் பொட்டாகச் சேர்த்த ஸ்பாட் வெல்டுகளுக்கு இடையில் மடிப்பு தலையணைபோல உப்பியிருந்தால் மேலே என்ன தடவினாலும் பயனில்லை, அது பிரித்தே ஆகவேண்டிய மடிப்பு.

நான் முதலில் வாங்கிய ரோட்ஸ்டரில் சில் வழவழவென்று இருந்தது. காந்தமும் ஒட்டியது. ஏமாந்தேன். அறுத்தபோதுதான் தெரிந்தது, புதுத்தகட்டுக்குள் பழைய சில் அப்படியே இருந்தது. அதற்குள் கதவு ஜன்னல் சந்துகளை அடைக்கும் மஞ்சள் நுரையை அடித்து நிரப்பியிருந்தார்கள். நுரையைப் பிடுங்கி எடுத்தபோது கை நனைந்தது. தடுப்புத் தகடு இருக்கவேண்டிய இடத்தில் சிவந்த செதில்கள் குவிந்து கிடந்தன, அள்ளினால் ஒரு வாளி. விற்றவர் "சில் புதுசு" என்று சொன்னது பொய்யில்லைதான்.

இனி நான் தலைப்பில் சொன்ன விஷயத்துக்கு வருகிறேன். அறுப்பதற்கு முன், கார் நான்கு சக்கரத்தில் சமதரையில் நிற்கும்போது, இரண்டு கதவுகளின் இடுக்கையும், அதாவது கதவு விளிம்புக்கும் தூணுக்கும் நடுவிலுள்ள சந்தை, அளந்து எழுதுங்கள். முன்பக்கம் மேலே, நடுவே, கீழே, பின்பக்கமும் அப்படியே. சில் இற்றுப்போன ரோட்ஸ்டர் நடுவில் தொய்கிறது. தொய்ந்தால் இரண்டு கதவுத்தூண்களும் ஒன்றையொன்று நோக்கித் தலைசாயும், இடுக்கு மேலே நெருங்கி, கீழே விரியும். கதவைத் திறந்து அதன் விளிம்பைப் பாருங்கள். மேல்மூலையில் பெயின்ட் தேய்ந்து இரும்பு தெரிந்தால் கார் ஏற்கெனவே தொய்ந்துவிட்டது. அந்தக் கோணத்திலேயே புதுச்சில்லை வெல்டு செய்தால் தொய்வை நிரந்தரமாக்கியவர் நீங்கள்தான்.

ஆகவே முதலில் முட்டு. 25 மி.மீ. சதுரக் குழாய் வாங்கி, முன் தூணிலிருந்து பின் தூணுக்கு மேலொன்று கீழொன்றாக ஒரு பக்கத்துக்கு இரண்டு, பின் தூண்களுக்கு இடையே குறுக்காக ஒன்று. குழாய்களைத் தூணின் உட்பக்கமாகப் பிடிக்கவையுங்கள். அப்போதுதான் முட்டு இருக்கும்போதே கதவை மாட்டி மூடிப் பார்க்க முடியும். முட்டுக்காகக் கதவைக் கழற்றிவைத்துவிட்டு, சில் முடிந்தபின் மாட்டிப் பார்த்து அதிர்ச்சியடைந்தவர்களை அறிவேன். ஏற்கெனவே தொய்ந்த காராக இருந்தால், முட்டு போடும் முன்பே நடுவில் ஜாக்கியால் மெல்ல ஏந்தி, இடுக்கு மேலும் கீழும் ஒரே அளவுக்கு வந்தபின் குழாயைப் பற்றவையுங்கள். அதன்பின் கார் சக்கரங்களிலோ, அச்சுக்கு அடியில் வைத்த ஸ்டாண்டுகளிலோ நிற்கட்டும். ஓட்டும்போது பாரம் எங்கே இறங்குகிறதோ அங்கேயே வேலையின்போதும் இறங்கவேண்டும்.

இதை அழுத்திச் சொல்வதற்குக் காரணம் உண்டு. அந்த முதல் காரை நான் நடுவில் ஸ்டாண்டு வைத்துத் தூக்கி, முட்டு எதுவும் இல்லாமல், ஒரே சனிக்கிழமையில் இரண்டு பக்கச் சில்லையும் அறுத்துவிட்டேன். இரும்பு பிடித்தவன் கையும் சிரங்கு பிடித்தவன் கையும் சும்மா இருக்காது என்பது இரும்பு அறுக்கும் கிரைண்டர் பிடித்தவனுக்கு இன்னும் பொருந்தும். நடுவில் தாங்கியதால் முன்னும் பின்னும் தொங்கி, தூண்கள் மேலே அகன்றுவிட்டன. புதுத்தகடுகளை அழகாக ஒட்டி முடித்துக் கதவை மாட்டினால், பூட்டின் நாக்கு எதிர்த்தகட்டை எட்டவே இல்லை; 6 மி.மீ. குறைந்தது. புதுச்சில்லை மறுபடி அறுத்தேன்.

கிரைண்டரைத் தொடும் முன் தீயைப் பற்றி யோசியுங்கள். பெட்ரோல் டேங்க் காரிலும் இருக்கக்கூடாது, அதே கூரைக்கு அடியிலும் இருக்கக்கூடாது. பேட்டரி இணைப்பையும் ஆல்டர்னேட்டர் இணைப்பையும் கழற்றுங்கள். 1974 வரை வந்த எம்ஜிபிகளில் இருக்கைக்குப் பின்னால் தரைக்கு அடியில் இரண்டு 6 வோல்ட் பேட்டரிகள் இருக்கும். அந்தப் பெட்டிகளும் இற்றுப்போயிருக்கும், பார்த்துக்கொள்ளுங்கள். தரையில் ஒட்டிய தார் விரிப்பு, அடிப்பூச்சு, முன்பு யாரோ ஊற்றிய மெழுகு, வயர்க்கட்டு எல்லாமே எரியும். வெல்டு செய்யும் பக்கத்தை நீங்கள் பார்த்துக்கொண்டிருப்பீர்கள்; புகைவது மறுபக்கம். அதனால் இன்னொரு ஆள் தண்ணீர் வாளியோடும் தீயணைப்பானோடும் நிற்கட்டும். கடைசிப் பொட்டு வைத்தபின் ஒரு மணி நேரமாவது அந்த இடத்தைவிட்டுப் போகாதீர்கள். நாகம் (ஜிங்க்) பூசிய தகட்டை வெல்டு செய்தால் வரும் வெள்ளைப்புகை அன்றிரவே குளிர்காய்ச்சல் கொடுக்கும், பூச்சை முதலில் சுரண்டிவிடுங்கள். இன்னும் மோசமானது பிரேக் கிளீனர். குளோரின் கலந்த வகையைத் தெளித்த தகட்டில் வெல்டிங் பொறியான ஆர்க் பட்டால் பாஸ்ஜீன் என்ற விஷவாயு உண்டாகும். வெல்டு செய்யும் இடத்தைத் துடைக்க அசிட்டோன் போதும். அதுவும் முழுக்க ஆவியானபின், புட்டியைத் தூர வைத்துவிட்டுத்தான் ஆர்க் மூட்டவேண்டும்.

அறுப்பதில் பொறுமை வேண்டும். தொழிற்சாலையின் ஸ்பாட் வெல்டுகளைத் தேடுங்கள். பெயின்டைச் சுரண்டினால் லேசாகக் குழிந்த வட்டங்களாகத் தெரியும். அவற்றை 8 மி.மீ. ஸ்பாட் வெல்டு டிரில்லால் மேல்தகடு வரைக்கும் மட்டும் துளைத்து, மெல்லிய உளியால் நெம்பினால் தகடு மடிப்போடு பிரிந்து வரும், அடித்தகடு முழுதாக நிற்கும். எல்லாவற்றையும் கட்டிங் வீலால் அறுத்துத் தள்ளிவிட்டால் புதுத்தகட்டை எதன்மேல் உட்காரவைப்பது? ஓட்டையைச் சுற்றி இரண்டு மூன்று செ.மீ. தாண்டி, தட்டினால் கணீரென்று ஒலிக்கும் இரும்பு வரும்வரை போங்கள். இற்ற விளிம்பில் வெல்டு நிற்காது. ஆர்க் பட்டதும் விளிம்பு கரைந்து பின்வாங்கிக்கொண்டே போகும். அறுத்தெடுத்த பழைய துண்டைக் குப்பையில் போடாதீர்கள். எந்த மடிப்பு எந்தப் பக்கம், வடிகால் துளை எங்கே என்று பின்னால் அதுதான் சொல்லும்.

புதுத்தகடு பெட்டியிலிருந்து எடுத்தவுடன் பொருந்தும் என்று எதிர்பார்க்கவேண்டாம். வெளியார் அடித்த தகடுகளில் வளைவு தட்டையாக இருக்கும், மடிப்பு நீண்டிருக்கும். கிளாம்ப்பும் சிறு ஸ்க்ரூவும் போட்டு எல்லாத் தகடுகளையும் வெல்டு இல்லாமல் நிறுத்துங்கள். கதவை மாட்டுங்கள், முன் மட்கார்டை நான்கு போல்ட்டில் தொங்கவிடுங்கள். இடுக்கை நீங்கள் எழுதிவைத்த எண்களோடு ஒப்பிடுங்கள். தொழிற்சாலையிலிருந்து வந்தபோதே இந்தக் கார்களில் இடுக்கு 4, 5 மி.மீ. இருந்தது. இன்றைய கார்களின் நேர்த்தியைத் தேடினால் பைத்தியம் பிடிக்கும், ஆனால் மேலும் கீழும் ஒன்றாக இருக்கவேண்டும். இந்த ஒத்திகைக்கு இரண்டு நாள் ஆகும். வெல்டு செய்ய அரைநாள்.

வெல்டிங் மெஷின்: கம்பி தானாக ஓடிவரும் மிக் வாங்குங்கள். ஆர்கனோடு கொஞ்சம் கார்பன் டை ஆக்ஸைடு கலந்த கேஸ், 0.6 மி.மீ. கம்பி. கேஸ் இல்லாமல் ஓடும் ஃபிளக்ஸ் கம்பி இந்த மெல்லிய தகட்டுக்குச் சூடு அதிகம், தெறிப்பும் அதிகம். குச்சி வைத்துப் பற்றவைக்கும் ஆர்க் மெஷினைக் காரின் பக்கமே கொண்டுவரவேண்டாம். வெளித்தகடுகள் 0.9 மி.மீ., பாரம் தாங்கும் உட்தகடுகள் 1.2 மி.மீ. அளவில் இருக்கும். அதே தடிமனில் வாங்கிய துண்டுத் தகட்டில் பழகுங்கள். சரியாக அமைந்த மிக், விட்டுவிட்டு வெடிக்காமல் சீராகப் பொரிகிற ஒரே சத்தமாகக் கேட்கும். கம்பி வேகம் கூடினால் முனை தகட்டில் குத்தி உங்கள் கையைப் பின்னுக்குத் தள்ளும். குறைந்தால் கம்பி நுனியில் உருண்டை கட்டி, சொட்டும். ஆனால் கடைசித் தீர்ப்பு தகட்டின் பின்பக்கத்தில்தான். முன்னால் அழகான வரியும் பின்னால் வெறும் நீலக்கறையும் தெரிந்தால் அது வெல்டு இல்லை, மேலே ஒட்டிய மெழுகு. பின்னாலும் ஒரு சின்ன மேடு துருத்தவேண்டும்.

சில்லில் பெரும்பகுதி பிளக் வெல்டுதான். மேல்தகட்டின் மடிப்பில் 6 முதல் 8 மி.மீ. துளை போட்டு, இரண்டு தகட்டையும் இறுக்கிப் பிடித்து, துளை வழியே அடித்தகட்டில் ஆர்க்கைத் தொடங்கி வட்டமாக நிரப்பிவிடுவது. தொடக்கம் அடித்தகட்டில் இருக்கவேண்டும். துளையின் விளிம்பிலேயே தொடங்கினால் மேலே பொட்டு பளிச்சென்று நிற்கும், அடியில் பிடித்திருக்காது. பழகும்போது செய்துபாருங்கள். இரண்டு பட்டைகளை ஒரு பிளக் வெல்டால் சேர்த்து, ஒன்றை வைஸில் கடிக்கவிட்டு மற்றதை இடுக்கியால் சுருட்டி உரியுங்கள். பொட்டு சுத்தமாகக் கழன்று வந்தால் தோல்வி. ஒரு தகட்டில் ஓட்டை கிழிந்து, பொட்டு இன்னொன்றோடு ஒட்டிக்கொண்டு வந்தால்தான் தேர்ச்சி. தொடர்ந்து பத்துப் பொட்டு அப்படிக் கிழியும்வரை காரைத் தொடாதீர்கள். தொழிற்சாலை வைத்த எண்ணிக்கைக்குக் குறையாமல் பொட்டு வையுங்கள். பழைய துண்டை வைத்து எண்ணிக்கொள்ளலாம். எர்த் கிளாம்ப் வெல்டு செய்யும் இடத்துக்குப் பக்கத்திலேயே, சுரண்டிய இரும்பில் கடிக்கட்டும்.

பின் மட்கார்டின் நுனி வெளியே தெரிகிற தகடு, அங்கே சங்கதி வேறு. ஒன்றன்மேல் ஒன்று ஏற்றி ஒட்டினால் அந்த இரட்டை மடிப்பு நீர் குடிக்கும். வெயிலில் நிற்கும்போது மெல்லிய கோடாகப் பெயின்டுக்கு மேல் எட்டியும் பார்க்கும். விளிம்போடு விளிம்பு சேர்த்து, நடுவில் ஒரு மி.மீ.க்குச் சற்றுக் குறைவாக இடைவெளி விட்டு ஒட்டுங்கள். ஒட்டுத்துண்டின் மூலைகள் கூர்மையாக இல்லாமல் உருண்டிருக்கட்டும். முதலில் 2, 3 செ.மீ.க்கு ஒரு டேக், அதாவது பிடித்து நிறுத்த ஒரு சின்னப் பொட்டு. பிறகு இரண்டு டேக்குகளுக்கு நடுவே ஒன்று, அப்புறம் வரியின் மறுகோடிக்குப் போய் வேறொன்று. கை வைத்தால் சுடாத நிலைக்கு வந்தபின் அடுத்தது. ஒரே இழுப்பில் வரி போட ஆசைப்பட்டால் தகடு உருளைக்கிழங்கு வறுவல்போல் நெளிந்துவிடும். வெல்டு ஆறும்போது சுருங்கும், சுருங்கும்போது இரண்டு பக்கத்தையும் தன்னை நோக்கி இழுக்கும், தகடு பள்ளமாகும். அந்தப் பள்ளத்தைப் பட்டியால் நிரப்புவது சுலபம். சரியான வைத்தியம், பின்னால் டாலி என்ற இரும்புக் கட்டியைப் பிடித்துக்கொண்டு வெல்டு வரியின்மேலேயே சுத்தியலால் நெருக்க நெருக்கத் தட்டி, சுருங்கிய இரும்பை மறுபடி நீட்டுவது. மிக் வெல்டு கடினமானது, முதலில் மேட்டை முக்கால்வாசி தேய்த்துவிட்டுத் தட்டுங்கள். கம்பியைத் தனியாகக் கையால் ஊட்டும் டிக் வெல்டும் கேஸ் வெல்டும் மென்மையானவை, சுத்தியலுக்கு நன்றாகப் பணியும். பழைய டிங்கர்கள் கேஸை விடாததற்கு அதுவும் ஒரு காரணம். தேய்க்கும்போது வரியை மட்டும் தேயுங்கள். சுற்றியுள்ள தகடு நீலமாக மாறினால் நிறுத்துங்கள், சூட்டில் வளைவதற்கு முன் கொடுக்கும் அறிகுறி அது.

துருநீக்கும் ரசாயனங்களைப் பற்றிக் கேட்பீர்கள். பாஸ்பாரிக் அமிலம் துருவை இரும்பு பாஸ்பேட்டாகவும், டானிக் அமிலம் கறுப்பு டானேட்டாகவும் மாற்றும். குழிவிழுந்த மேற்பரப்புக்கு இவை நல்ல மருந்து, இற்றுப்போன தகட்டுக்கு வெறும் சாயம். கழற்றிய சிறு பாகங்களுக்கு மின்பகுப்பு அருமையாக வேலை செய்யும்: வாளி நீரில் சலவைச் சோடா, சாதாரண இரும்புத்துண்டு ஒன்று, பேட்டரி சார்ஜர். அந்த இரும்புத்துண்டுக்குப் பதில் எவர்சில்வர் போட்டால் குரோமியம் கரைந்து நீர் விஷமாகும், செய்யாதீர்கள். காற்றழுத்தத்தில் மணலை வீசித் துரு எடுக்கும் மண்வீச்சு உட்பகுதிகளுக்குச் சரி. கதவு, பானட் போன்ற அகலமான தகடுகளில் தெரியாத ஆள் வீசினால் தகடு அலையலையாக நீண்டுவிடும், அதைச் சரிசெய்வது சில் வேலையைவிடக் கஷ்டம்.

பட்டிமேல் எனக்குப் பகையில்லை. நல்ல இரும்பின்மேல் ஓரிரு மி.மீ. பட்டி எல்லா நல்ல வேலையிலும் உண்டு. அது நீர் குடிக்கும் என்பதால், சுத்தமான இரும்பில் முதலில் எபாக்சி பிரைமர், அதன்மேல் பட்டி என்ற வரிசைதான் எனக்குப் பிடித்தது. சாதாரணச் சாம்பல் பிரைமர் அடித்த தகட்டை மழையில் விட்டுவிட்டால், பிரைமரே ஈரத்தைப் பிடித்துவைத்து உள்ளே துருவை வளர்க்கும். அந்தக் காலத்து முறையான ஈயப்பூச்சு, தகட்டின் விளிம்புகளிலும் அடிபடும் மூலைகளிலும் இன்றும் பட்டியைவிட உசத்தி. 30 பங்கு வெள்ளீயமும் 70 பங்கு காரீயமும் கலந்த கட்டி 183 டிகிரியில் இளகத் தொடங்கி, 250 டிகிரியைத் தாண்டித்தான் முழுக்க உருகும். அந்த இடைவெளியில் களிமண்போல மரப்பலகையால் பரப்பலாம். ஆனால் அதை அரத்தால் மட்டுமே ராவுங்கள். கிரைண்டரோ உப்புத்தாளோ பட்டால் காரீயத்தூள் உங்கள் நுரையீரலுக்குப் போகும்.

எல்லா மடிப்புக்கும் எபாக்சியின்மேல், நீர் புகாமல் அடைக்கும் பாலியூரித்தேன் சீலர் இழுங்கள். சில்லின் அடியிலுள்ள வடிகால் துளைகளை அடைத்துவிடாமல் பாருங்கள். சீலரும் அடிப்பூச்சும் ஆர்வத்தில் அடிக்கும்போது அவற்றை மூடிவிடுவது ரொம்பச் சாதாரணமாக நடக்கிற தவறு.

எங்கே கைவிடுவது என்றும் சொல்லிவிடுகிறேன். இரண்டு சில், தரை, பேட்டரிப் பெட்டி வரைக்கும் வீட்டு வேலை. முன் ஷாக்கும் ஸ்பிரிங்கும் உட்காரும் இடங்கள், பின் ஸ்பிரிங் பட்டை தொங்கும் கொக்கிகள், டிக்கித் தரை எல்லாம் சேர்ந்து போயிருந்தால், தகடு தகடாக வாங்கி ஒட்டுவதைவிட முழுப் பாடியையே வாங்குவது கணக்குக்கு ஒத்துவரும். பிரிட்டிஷ் மோட்டார் ஹெரிடேஜ் நிறுவனம் 1988 முதல் எம்ஜிபிக்கு அசல் அச்சுகளிலேயே புதுப்பாடி அடிக்கத் தொடங்கியது. எல்லாப் பழைய காருக்கும் இந்த அதிர்ஷ்டம் இல்லை. லோட்டஸ் எலான் வைத்திருப்பவருக்குப் பாடி ஃபைபர், அது துருப்பிடிக்காது. அடியிலுள்ள இரும்பு முதுகெலும்புதான் அரிக்கும், அதைக் கழற்றிப் புதிது மாட்டலாம். ஜாகுவார் ஈ-டைப்பில் முன்பக்கக் குழாய்ச் சட்டம் உள்ளிருந்தே இற்றுப்போகும், வெளியே ஒன்றும் தெரியாது. அலுமினியப் பாடிக்கு மிக் பழக்கம் மட்டும் போதாது. இரும்புச் சட்டத்தைத் தொடும் இடத்தில் அலுமினியம் வெள்ளைப் பொடியாக உதிரும், ஒட்டுவதற்கு ஏசி டிக் மெஷினும் தேர்ந்த கையும் வேண்டும். உங்களுடையது எம்ஜிபி. ஐந்து லட்சத்துக்கு மேல் செய்த கார், எல்லாத் தகடும் கிடைக்கும். இதில் பழகாவிட்டால் வேறெதில் பழகுவது?

முதல் வேலையாகச் சில்லை எடுக்காதீர்கள். பேட்டரிப் பெட்டியில் ஆரம்பியுங்கள். அசிங்கமாக வந்தாலும் யாருக்கும் தெரியாது, கார் மடங்கவும் மடங்காது. அடுத்து தரைத்தகடு. சில் மூன்றாவது.

பெயின்ட் முடிந்து ஒரு வாரம் ஆனபின் சில்லுக்குள் மெழுகு அடியுங்கள். வளையும் குழாயின் நுனியில் சுற்றிலும் தெளிக்கும் முனை உள்ளதாகப் பார்த்து வாங்கி, கோடிவரை நுழைத்து, மெல்ல வெளியே இழுத்துக்கொண்டே அடிக்கவேண்டும். வெயில் காயும் நாளில் செய்தால் மெழுகு இளகி மடிப்புக்குள் ஊர்ந்துபோகும். காருக்கு அடியில் பழைய அட்டை ஒன்றை விரித்து இரவு முழுக்க விட்டுவிடுங்கள். காலையில் ஒவ்வொரு வடிகால் துளைக்கும் நேர்கீழே பழுப்பாக ஒரு சொட்டு விழுந்திருக்கவேண்டும். எந்தத் துளைக்குக் கீழே அட்டை சுத்தமாக இருக்கிறதோ, அந்தத் துளையில் ஒரு கம்பியை விட்டுக் குத்துங்கள்.